திருப்பதியில் ஓர் இலவச தரிசனம்

தெலுங்கை அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவன், அறவே தெரியாதவனைவிட ஆபத்தானவன். நகரிப் பக்கத்துத் தமிழனான நான் அந்த முதல் வகை. (வீட்டில் மட்டும் பண்டிதன்.)

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. மறுநாள் காலை சேர வேண்டும். அம்மாவோ ஒரே பிடிவாதம்.

"பெருமாள பாக்காம பஸ்ஸு ஏறக்கூடாது. ஏறினா அந்த வேலையே வாணாம்."

அம்மாவோடு திருப்பதிக்கு வந்தால், மலையில் கூட்டம், நாளைக்குத்தான் தரிசனம் என்றார்கள். பஸ் அன்றிரவு. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஒரு மாடிப்படி ஓரம் பலகை தெரிந்தது. எழுத்துக்கூட்டினேன்: 'தர்சனம்... உசிதம்.' உசிதம் என்றால் தெலுங்கில் இலவசம். நடுவில் இருந்த பொடி எழுத்தை விட்டுவிட்டேன்.

மாடியில் சில பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தலைவர், கையில் சின்ன மணி.

"இன்னாடா, சாமி எங்க?" என்றாள் அம்மா.

"உள்ள கீறாரு. கம்முனு குந்தும்மா," என்றேன்.

பேச்சு ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. தத்துவத்துக்கும் தெலுங்கில் தர்சனம் என்று பெயர் உண்டு. தத்துவம் என்றால் என்ன என்று அங்கே விவாதம்! யாராவது பேச்சை விட்டு விலகினால் தலைவர் மணியடிப்பார். ஒருவர் தத்துவத்திலிருந்து தன் மருமகனின் அமெரிக்க விசாவுக்குத் தாவினார். டிங்! அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திடீரென்று தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாபு, தர்சனம் அண்டே ஏமிட்டி? நுவ்வு செப்பு."

தர்சனம் என்றால் என்ன என்று என்னைப் போய்க் கேட்கிறாரே! "ரெண்டே செகண்டு சார்," என்று உளறினேன். "பாக்கறதுக்குள்ள ஜருகண்டின்னு தள்ளிடுவாங்க."

மணியைத் தூக்கிய கை அப்படியே நின்றது.

"தள்ளுவது யார், காலமா?" என்றார் ஒருவர். "நகர்ந்த பிறகு, கண்டது எங்கே இருக்கிறது?" என்றார் இன்னொருவர். நான் உளறிய ஒரு வரியை ஏந்திக்கொண்டு அத்தனை பேரும் எங்கெங்கோ உயரத்துக்குப் போனார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. கேள்வி கேட்பதற்கென்றே மனிதர்கள் கூடுவார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

"ஈ ரோஜுகி தர்சனம் அயிபோயிந்தி," என்று கூட்டத்தை முடித்துக்கொண்டு தலைவர் எழுந்தார். எல்லாருக்கும் டீயும் பிஸ்கெட்டும் வந்தன. அம்மா பிஸ்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் அம்மா ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"ஏன்டா, எந்தக் கோயில்லடா டீ குடுக்கறாங்க?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அம்மா விடவில்லை.

"பெரியவங்க அத்தினி பேரும் நீ பேசனத மணியடிக்காம கேட்டாங்களே, அது போதும். நீ போ. மலைக்கு நான் போய்க்கறேன்."

இன்றும் வீட்டில் நான் பேச்சை விட்டு எங்கேயாவது போனால், பூஜை அறையிலிருந்து அம்மா மணியடிக்கும் சத்தம் டிங் என்று வரும். கன்னத்தில் போட்டுக்கொள்வது இப்போது என் வேலை.