சைபீரியாவிலிருந்து வந்த கானாங்கோழி

ஒரு காட்டில் என்றுதான் இக்கதையைத் தொடங்க வேண்டும். ஆனால் தொடங்குவதற்குக் காடு இல்லை. இருந்த காட்டை நகரம் தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டது. நடுவே ஓடிய ஆற்றை மட்டும், கழிவுநீர் விடப் பயன்படும் என்று மிச்சம் வைத்தது. அவ்வாற்றின் தென்கரையில், பெரிய பாலத்தின் அடியில், கல்லெறி தூரத்துக்கு நாணல் நின்றது. ஆகவே, ஒரு நாணலில் ஒரு கானாங்கோழி வாழ்ந்துவந்தது.

அதன் பெயர் தையல்நாயகி. கரிய முதுகு, வெள்ளை மார்பு, வாலின் அடியில் செங்கல் நிறம். அதன் தாயும் தாயின் தாயும் அந்த நாணலில்தான் முட்டையிட்டு அடைகாத்தனர். ஆற்றில் எது மிதந்து வந்தாலும் முகம் சுளிக்காமல் ஓரமாய் நடந்து போகிற குடும்பம். பறப்பது அவர்களுக்குத் தெரியும், அவசியமில்லாமல் செய்வதில்லை.

அதே கரையில், யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு சோபாவில், ஆற்றோரப் பறவை நோக்கர் கழகம் கூடிவந்தது. தலைவர் ஆட்டுக்கெடா ஆளவந்தார். அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு பைனாகுலர் தொங்கும். அதைப் பெரிய கண்ணாடி உள்ள பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். காலடியில் மேய்கிற பறவைகூட வெகு தொலைவில் சிறு புள்ளியாகத் தெரியும். எனவே எல்லாப் பறவையும் அரிய பறவை என்று அவருக்குப் பட்டது.

செயலாளர் பூனை விசாலாட்சி. பூனை பறவைகளை உற்று நோக்குவது உலகத்துக்குப் புதிதன்று. கையில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நோக்கினால் அதற்குக் கல்வி என்று பெயர் வந்துவிடும் என்று கண்டறிந்ததே விசாலாட்சியின் புதுமை. கழக விதிகளை எழுதியதும் அதுவே. ‘விருந்தாளியாக வந்த பறவையை உறுப்பினர் எவரும் உண்ணலாகாது’ என்பது முதல் விதி. உள்ளூர்ப் பறவைகளைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழி மாதத்தில் கழகத்துக்கு நகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. ஓராண்டுப் பட்டியலில் நூறு வகைப் பறவைகளைக் காட்டினால் நாணல் நிற்கும். இல்லையேல் தை மாதக் கடைசியில் அதை வழித்தெடுத்துவிட்டு நடைபாதை போடப்படும். விசாலாட்சி பட்டியலை இருமுறை எண்ணியது. தொண்ணூற்றொன்பது.

செய்தி கேட்டதும் தையல்நாயகி சோபாவை நோக்கி நடந்தது.

“தலைவரே, நானும் பறவைதானே? என்னை எழுதிக்குங்க. நூறு ஆயிடும்.”

ஆளவந்தார் பைனாகுலரால் அதைப் பார்த்தார். “யாரோ ரொம்ப தூரத்திலேருந்து பேசுறாங்க.”

“உங்க காலடியில நிக்கிறேன்யா.”

விசாலாட்சி ஏட்டைப் புரட்டியது. “அட, உன் பேரு நெசமாவே இல்ல. வருஷம் பூரா காலுக்குக் கீழயே சுத்திக்கிட்டு இருந்தியா, வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு எல்லாரும் விட்டுட்டோம்.”

“சரிம்மா, இப்ப எழுதிடுங்க.”

“எப்படி எழுதறது? இங்கேயே குடியிருக்கிற பறவைங்களுக்கு ஆடி மாசப் பக்கம். அதைக் கையெழுத்துப் போட்டுக் கோந்து வெச்சு ஒட்டியாச்சு.”

“பிரிக்க முடியாதா?”

“பிரிச்சா காகிதம் கிழியும். கிழிஞ்ச காகிதத்தைப் பார்த்தா தலைவருக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷப் பட்டியல் அப்படித்தான் அவர் வயித்துக்குள்ள போச்சு.”

தலைவர் செருமினார். “அது நிர்வாகக் காரணம். இப்ப பனிக்காலப் பக்கம்தான் திறந்திருக்கு. அதுல வெளிநாட்டுலேருந்து வந்தவங்களுக்குத்தான் இடம். நீ எங்கேருந்தும்மா வந்தே?”

“நான் எங்கயும் போகவே இல்லையே.”

“அதுதாம்மா உன்கிட்ட இருக்கிற குறை,” என்றார் ஆளவந்தார், உண்மையான வருத்தத்துடன்.

தையல்நாயகி நாணலுக்குத் திரும்பிற்று. வரும் ஆடியில் முட்டையிட அது ஏற்கெனவே இடம் பார்த்து வைத்திருந்தது. நீர் ஏறாத மேட்டில், நாணல் நெருங்கி வளர்ந்த மூலை. அங்கே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பாலத்தின் கைப்பிடியிலிருந்து ஒரு காகம் பார்த்தது. அதன் பெயர் ஏகாம்பரம். ஊர்ப் பேச்சு முழுவதும் அதன் காதில் விழும். விழாததை அதுவே இட்டுக்கட்டும்.

“என்னக்கா, எழுதிக்க மாட்டேன்னுட்டாங்களா?”

“உன்னை எழுதினாங்களே, எப்படி?”

“மொத நாளே சோபா மேல ஏறிக் கத்தோ கத்துன்னு கத்தினேன். தொல்லை தாங்காம எழுதிட்டாங்க. உனக்கு அதெல்லாம் வராது. நீ நடந்து போய்க் கேட்டே பாரு, அங்கதான் தப்பு. இந்த ஊர்ல நடந்து வந்து நிக்கிறவளை எவன் மதிக்கிறான்? மேலேருந்து வந்து விழணும்.”

“எங்கேருந்து விழறது?”

“வடக்கேருந்து. அக்கரைக்குப் போ. அங்க மழைநீர்க் குழாய் ஒண்ணு கிடக்கு. பத்து நாள் அதுக்குள்ள கிட. இளைச்சாத்தான் அழகு. அப்புறம் பறந்து வந்து சோபாவுக்கு நேரா விழு. எங்கேருந்து வரேன்னு கேட்டா, சைபீரியான்னு சொல்லு.”

“அது எங்க இருக்கு?”

“வடக்கதான். நீ ஒண்ணும் பொய் சொல்லல.”

பொய் சொல்லும் பழக்கம் தையல்நாயகியின் குடும்பத்தில் இல்லை. நாணல் இல்லாமல் வாழும் பழக்கமும் இல்லை. இரண்டில் எதை விடுவது என்று ஒரு பகல் முழுதும் யோசித்துவிட்டு, அக்கரைக்குப் போயிற்று.

தை மாதம் பாதி கழிந்த ஒரு காலையில், உள்ளான்களும் வாலாட்டிகளும் ஊசிவால் வாத்துகளும் சேற்றில் மேய, கழகம் நூறாவது பறவையைத் தேடிக் கண் பூத்திருந்தது. அப்போது வடக்கிலிருந்து ஏதோ தாறுமாறாகப் பறந்து வந்து, ஆளவந்தாரின் கொம்பில் மோதிச் சோபாவின் கீழே விழுந்தது.

“யாரது?” என்று அலறினார் தலைவர்.

“சைபீரியா,” என்றது தையல்நாயகி மூச்சு வாங்க. அந்த மூச்சு வாங்கல் மட்டும் நடிப்பன்று.

“சைபீரியாவா! ஐயோ பாவம், எத்தனை மலை தாண்டி வந்துதோ! விசாலாட்சி, அந்தப் படிவத்தை எடு. அம்மா, பயணம் எப்படி? அங்கே குளிர் அதிகமா?”

“ஈரம்தான் அதிகம்.”

“ஈரம்! எழுது, எழுது. இத்தனை நாளா குளிருன்னே சொல்லி நம்மை ஏமாத்தியிருக்கானுங்க.” ஆளவந்தாரின் கண்ணில் நீர் தளும்பியது. “பாருங்க அந்த நடையை. பாருங்க அந்த மார்பு வெண்மையை. நம்ம ஊர்ப் பறவைங்க கிட்ட இந்தக் களை வருமா?”

உறுப்பினர் அனைவரும் வராது என்றார்கள். அப்பறவையை அவர்கள் ஓராண்டாக நாள்தோறும் மிதிக்காமல் தாண்டிச் சென்றவர்கள். படிவம் நிறைந்தது. பட்டியல் நூறு ஆயிற்று. நாணலை வழிக்க வந்த இயந்திரம், தலைவரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நாணலின் முன் ஒரு பலகையும் நட்டார்கள்: ‘வலசைப் பறவைகளின் தங்குமிடம். அனுமதி ஐப்பசி முதல் பங்குனி வரை.’

தையல்நாயகி எழுத்துப் படித்ததில்லை. தன் நாணலுக்குள் போய்த் தன் மூலையில் நின்றுகொண்டது. தலைவர் ஒவ்வொரு நாளும் ஒருவரை அழைத்துவந்து அதைக் காட்டினார். வாழ்நாளில் முதல்முறையாக, அது நடக்கும்போது எல்லாரும் வழிவிட்டார்கள்.

பங்குனி கடைசி நாளில் விசாலாட்சி தனியாக வந்தது. குறிப்பேட்டைக் கொண்டுவரவில்லை.

“என்ன தையல்நாயகி, எப்ப கிளம்பறே?”

தையல்நாயகியின் வால் நின்றது. “என் பேரு உங்களுக்குத் தெரியுமா?”

“போன மழையில நான் வழுக்கி விழாம இருந்திருந்தா உன் ருசியே தெரிஞ்சிருக்கும். ரெண்டு வருஷமா உன்னைப் பாத்துக்கிட்டிருக்கேன்டி. தலைவருக்குத்தான் கண் தெரியாது.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நூறு போயிடும். நூறு போனா நாணல் போயிடும். நாணல் போனா நான் எங்க ஒளிஞ்சு நின்னு ஆராய்ச்சி பண்றது?” விசாலாட்சி தன் முன்காலை நக்கிச் சுத்தம் செய்தது. “நீ விருந்தாளியா இருந்த வரைக்கும் விதியை மீறினேனா? இல்ல. நாளைக்குச் சித்திரை. விருந்தாளிங்கல்லாம் போயாச்சு. அதுக்கு மேல இங்க நிக்கிறது எதுவா இருந்தாலும் அது உள்ளூர்தான். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.”

“நான் முட்டை வைக்கணும்மா.”

“வையேன். எனக்கு முட்டையும் பிடிக்கும்.”

தையல்நாயகி தலைவரிடம் ஓடி முறையிட்டது. ஆளவந்தார் பைனாகுலரில் அதைத் தேடி, மரியாதையோடு சொன்னார்: “உங்க பாசம் எங்களை உருக்குது அம்மா. ஆனா கோடையில நீங்க இங்க இருந்தா பட்டியல் தப்புன்னு ஆயிடும். பட்டியல் தப்புன்னா நாணலே இல்ல. உங்க நாட்டுல உங்களைத் தேடுவாங்க. போயிட்டு வாங்க.” கழகம் வரிசையாக நின்று வழியனுப்பிற்று. தலைவர் மாலை கொண்டுவந்திருந்தார். காத்திருந்த நேரத்தில் அதைத் தின்றுவிட்டார்.

ஆடி பிறந்தது. அக்கரையின் மழைநீர்க் குழாயில் தையல்நாயகி ஏழு முட்டைகளின் மேல் அமர்ந்திருந்தது. தலைக்கு மேலே சாலை; லாரிகள் போகும்போதெல்லாம் முட்டைகள் ஒன்றோடொன்று மோதின. எதிர்க்கரையில் நாணல் ஆளுயரம் வளர்ந்து, காற்றுக்குத் தலைசாய்த்து நின்றது. உள்ளே ஓர் உயிர் இல்லை.

ஏகாம்பரம் குழாயின் வாயில் வந்து உட்கார்ந்தது. “அக்கா, நாணல் என்னமா வளர்ந்திருக்கு பாத்தியா? நீ மட்டும் அன்னிக்கி வந்து விழலேன்னா அந்த இடத்துல இப்ப நடைபாதைதான்.”

“நடைபாதையா இருந்தா,” என்றது தையல்நாயகி, “நடந்தாவது போயிருப்பேன்.”

ஏழில் ஐந்து பொரிந்தன. ஐப்பசி முதல் நாளில், ஒரு தாயும் ஐந்து குஞ்சுகளும் வடக்கிலிருந்து பறந்து வந்து சோபாவின் கீழே வரிசையாக விழுந்தன. கழகம் ஆர்ப்பரித்தது. ஆறு படிவங்கள் எடுக்கப்பட்டன. ஆறிலும் பிறந்த இடம் சைபீரியா. விசாலாட்சி ஐந்து குஞ்சுகளையும் மெதுவாக, ஒவ்வொன்றாக, எழுதிக்கொண்டது.

ஆளவந்தார் கடைசிக் குஞ்சின் பக்கம் குனிந்தார். “சொல்லு கண்ணு, உங்க ஊரு எப்படி இருக்கும்?”

“இருட்டா இருக்கும் தாத்தா. மேல லாரி போகும்.”

தலைவர் நிமிர்ந்தார். அவ்வாண்டின் அறிக்கையில், சைபீரியாவில் போக்குவரத்து நெரிசல் கவலைக்குரிய அளவுக்குப் பெருகிவிட்டது என்று ஒரு தனி அத்தியாயமே எழுதினார். அது பலராலும் பாராட்டப்பட்டது.

நீதி: பிறந்த மண்ணில் உயிரோடும் மதிப்போடும் இருக்க விரும்புகிறவர், ஆண்டுதோறும் அதற்கு விருந்தாளியாக வந்து சேர்க, மற்ற நாள்களுக்கு அக்கரையில் குழாய் இருக்கிறது.