மாமாவின் ஏழு தட்டுப் பாட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் வீட்டுக்காரரை, அதாவது என் அருமை மாமாவை, உடனே வந்து அழைத்துக்கொண்டு போ.

உன் துணி அலமாரியைக் காலி செய்து மாமா ஸ்பீக்கர் வைத்ததும், நீ சண்டை போட்டதும், அவர் கிடாரும் கீபோர்டுமாக இங்கே வந்து இறங்கியதும் உனக்குத் தெரிந்ததுதான். கணக்கு வாத்தியார்தானே, சத்தமில்லாமல் கிடப்பார் என்று நம்பி என் கிளினிக்குக்கு நேர் மேலே இருக்கும் அறையைக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! விடிந்தால் ப்ராக்ரசிவ் ராக் என்று ஒரு வெள்ளைக்காரச் சங்கீதம். ஒரே பாட்டு, நான்கு பகுதி. முதல் பகுதியில் மெட்டு நல்லபிள்ளையாக மேலே ஏறி இறங்குகிறது. இரண்டாவதில் அதையே தலைகீழாக்கி, ஏறிய இடத்தில் எல்லாம் இறக்குகிறார். மூன்றாவதில் அதைக் கீபோர்டில் ரப்பர் மாதிரி இழுத்து, அதன் தலைமேல் பழைய மெட்டைக் கிடாரில் ஓட்டுகிறார். தாளமோ ஏழு. கல்லூரியில் டிரம்ஸ் அடித்து, நாலு நாலாகத் தட்டிப் பழகிய கால் எனக்கு. பல் ராவும் மெஷினின் பெடலும் அந்தக் காலடியில்தான் இருக்கிறது. நேற்று ஒரு போலீஸ்காரருக்குப் பல்லை ராவும்போது ஏழாவது தட்டில் பெடலை அழுத்திவிட்டேன். நல்லவேளை, நாக்கு தப்பியது. அவர் அடிக்கப்போகிறார் என்று ஒதுங்கினால், மரத்துப்போன வாயோடு, "பொழுங்க டாக்கழ், அந்த மெட்டு வீடு வந்து ஷேரட்டும்" என்று நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்கிறார்! வெளியே வரிசை வாசல் வரை.

மேலே ஓடினேன். "மாமா, இது எப்பதான் முடியும்?"

"முடிவு தயாரா இருக்குடா. நாலாவது பகுதிதான் ஒரு ஆளுக்காக நிக்குது" என்றவர், கிடாரைப் பார்த்துக்கொண்டே, "உங்கக்கா போன் பண்ணாளா?" என்றார்.

இல்லை என்றேன். மறுபடி முதல் பகுதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். என்னால் முடியாது அக்கா. நாளைக்கே வா.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் கோபத்துக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
பல் டாக்டர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாமா கீழே வந்தார். நாலாவது பகுதியில் ஒரு பெண் குரலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாராம். யாருக்கு என்றேன். "அவளுக்குத்தான், வேற யாருக்கு? கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவு நல்லா பாடுவா தெரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆகவே அழைத்துப் போக வராதே; பாட வா. டிரம்ஸ் நான். பேஸ் கிடார் அந்தப் போலீஸ்காரர்; போலீஸ் பேண்டில் வாசித்தவராம். கிளினிக் ஒரு வாரம் விடுமுறை.