கழுத்துக்கு இரண்டு குடம்

சித்திரை முதல் தேதியன்று, குளித்துத் திருநீறு பூசிய கையோடு, தம்பிதுரை வாத்தியார் ஒரு தீர்மானம் செய்தார். இந்த வருஷம் சாய்வு நாற்காலி வாங்கியே தீர்வது.

சாதாரண நாற்காலி இல்லை. ஊட்டியில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் சீமைக்குத் திரும்பும்போது பங்களா சாமான்களை ஏலம் போடுவார்கள். அதில் வரும் நாற்காலி. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இரண்டு நீளமான கைகள். தலைமையாசிரியர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. அதில் ஒரு நாள் வாத்தியார் ஐந்து நிமிஷம் சாய்ந்து பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

தடை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ராசாத்தாள். வாத்தியாருடைய சம்சாரம்.

கோபிசெட்டிபாளையத்தில் அவருக்குக் கொஞ்சம் பூமி இருந்தது. மஞ்சள் விற்ற பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ராசாத்தாளின் பெட்டிக்குள் போகும். வீட்டில் பெரிதாக எது செய்வதென்றாலும் அதில்தான். போன வருஷம் கூரைக்கு ஓடு மாற்றினார்கள். இந்த வருஷம் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வைக்க வேண்டும் என்றாள் ராசாத்தாள். நாற்காலி வந்தால் குழாய் இல்லை. குழாய் வந்தால் நாற்காலி இல்லை.

கோயமுத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்த புதிது அது. அந்த நாட்களை இன்று நினைத்தாலும் நாக்கில் ஒரு தித்திப்பு ஊறுகிறது. அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, புது மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடிக்க மாட்டார். தெருமுனையில் குழாய் வைத்த அன்று பெண்கள் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். முதல் செம்புத் தண்ணீரைத் தெருவே கைமாற்றிக் குடித்தது. பிறகு ரொம்ப நாளைக்கு, விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால், "சித்தெ சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பாருங்க" என்று நீட்டுவதுதான் மரியாதை. வந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "மலைத் தண்ணி மலைத் தண்ணிதானுங்க" என்பார்கள்.

ஆனால் தெருக்குழாய் தெருவில்தான் இருந்தது. ராசாத்தாள் தினமும் விடியற்காலை வரிசையில் நின்று எட்டுக் குடம் சுமந்தாள்.

வாத்தியார் நேராக மோதுகிற ஆள் இல்லை. யோசித்தார். பள்ளிக்கூடத்து வாசகசாலையிலிருந்து ஓர் இங்கிலீஷ் உடற்பயிற்சிப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். தலையணையை இரண்டாக மடித்துச் சுவரில் சாய்த்து, அதில் பிடரியை முட்டுக்கொடுத்து, மோவாய் நெஞ்சைத் தொட, பத்திரிகையை வயிற்றின்மேல் நிறுத்திப் படித்தார். அதுதான் அவர் படிக்கிற விதம். விடைத்தாள் திருத்துவது இன்னொரு விதம். பாயில் சம்மணமிட்டு, தாளைத் தரையில் வைத்து, மூக்கால் எழுதுவதுபோலக் குனிந்துகொள்வார்.

"ராசாத்தா, இங்க வா. மனுஷன் தலை எத்தனை கனம் தெரியுமா?"

"உங்க தலைங்களா, என்ற தலைங்களா?"

"பொதுவாச் சொல்றேன். நேரா நிமிர்ந்து இருந்தா ஒரு தேங்கா கனம். முன்னால குனியக் குனியக் கழுத்துக்கு அது பூசணிக்கா கனம். கழுத்து வலி, முதுகு வலி, தோள்பட்டை வலி எல்லாம் அதுலதான் வருதாம்."

"அப்படிங்களா?"

"இதுக்கு என்ன மருந்து போட்டிருக்கான் தெரியுமா? தலைச்சுமை! தலையில கொடம் எடுக்கற பொம்பளைங்களுக்குக் கழுத்து நெட்டுக்குத்தா நிக்குமாம். வலியே அண்டாதாம். படம் போட்டிருக்கான், பாரு."

ராசாத்தாள் படத்தைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரின் மோவாயைப் பார்த்தாள். அது இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

"ஊட்டுக்குள்ள குழாய் வந்துபோட்டா உன்ற கழுத்து என்னாகறது? அந்தக் கழுத்தைப் பார்த்துத்தானே நான் உன்னையக் கட்டுனேன்?"

இந்தக் கடைசி வாக்கியம் தந்திரம் இல்லை, நிஜம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க மாமாவோடு துடியலூரில் ரயிலை விட்டு இறங்கி நடந்தபோது, எதிரே ஒரு பெண் தலையில் குடத்தின்மேல் குடமாக இரண்டு வைத்துக்கொண்டு வந்தாள். கை இரண்டும் சும்மா தொங்கின. பின்னால் வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பார்க்கப் போன வீட்டில் காப்பி கொண்டுவந்ததும் அதே கழுத்துதான். வாத்தியார் அப்போது காலேஜிலிருந்து வந்த புதிது. அவரும் அந்நாளில் கொடிக்கம்பம் மாதிரித்தான் நிமிர்ந்து நின்றார். கல்யாணப் போட்டோவில் இருப்பது அவருடைய தம்பியா என்று இப்போது வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

"ஏனுங்க," என்றாள் ராசாத்தாள். "இது ஆம்பளைங்க கழுத்துக்கும் சேர்த்து எழுதுனதுதானுங்களா?"

"கழுத்துல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?" என்றார் வாத்தியார் தாராளமாக.

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் வாத்தியார் கண் விழித்தார். கண் மட்டும்தான் விழித்தது. கழுத்து திரும்ப மறுத்துவிட்டது. முழுப்பரீட்சை விடைத்தாள்கள் நூற்றிருபதும் சேர்ந்து பிடரியில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் ஆள் முழுவதுமாகத் திரும்ப வேண்டும், தேர் திரும்புகிற மாதிரி. அன்று கடைவீதியில் தலைமையாசிரியர் இடப்பக்கமாக வந்து கையெடுத்தார். வாத்தியார் திரும்பி முடிப்பதற்குள் அவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கே போய்விட்டார்.

இந்த வலியிலும் வாத்தியாருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

"பார்த்தியா? சாஞ்சு படிக்கச் சரியான நாக்காலி இல்லாத வினைதான் இது."

"வெசனப்படாதீங்க. நீங்க படிச்ச மருந்தே இருக்குதுங்களே," என்றாள் ராசாத்தாள். கையில் ஒரு பழைய சேலைத் துணி. அதைச் சுருட்டிச் சும்மாடாக வட்டம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கா? கொடமா?"

"கழுத்துல ஆம்பளை என்னங்க, பொம்பளை என்னங்க?"

முதலில் பொடக்காளியில் மட்டும் என்று பேச்சு. வீட்டுக்குப் பின்னால் வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவே, தலையில் காலிக் குடத்தோடு வாத்தியார் நடந்தார். குடம் மூன்று தடவை விழுந்தது. நசுங்கியது குடமா காலா என்று சொல்ல முடியாது.

"கீழ பார்க்காதீங்க. தொலைவுல அந்தத் தென்னைமர உச்சியப் பாருங்க. மோவாயை உள்ள வாங்குங்க. தோளை எறக்குங்க. பத்திரிகைக்காரன் இதெல்லாம் எழுதலீங்களா?"

"எழுதலை."

"பின்ன என்ன எழுதுனானோ, போங்க."

மூன்றாம் நாள் அரைக் குடம் தண்ணீர். ஐந்தாம் நாள் கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் அசைந்தது. மருந்து வேலை செய்தது. அதுதான் வாத்தியாருக்கு நேர்ந்த ஆபத்து. வேலை செய்யாத மருந்தை நிறுத்திவிடலாம். வேலை செய்கிற மருந்தை எந்த வாயால் நிறுத்துவது?

"பொடக்காளியையே சுத்தி என்னத்துக்காகுதுங்க? சுமக்கறதுதான் சுமக்கறீங்க, குழாயிலிருந்து சுமந்தா கழுத்துக்கு ரெண்டு கொடம் கணக்காச்சு, ஊட்டுக்குத் தண்ணியுமாச்சு. இருட்டுப் பிரியறதுக்குள்ள வந்துபோடலாம். ஆரு பார்க்கப்போறாங்க?"

தெருவே பார்த்தது. முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு ரங்கம்மாள்.

"ஏனுங்க வாத்தியாரே! அம்மணிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. இது ஒரு ஆராய்ச்சி."

"ஆராய்ச்சிங்களா! எங்கூட்டுக்காரரு முனிசிபாலிடி ஆபீசுல நாளெல்லாம் ரிஜிஸ்தர்மேலயே கவுந்து கெடக்கறாருங்க. பொழுதோட வந்தா, முதுகைப் பிடிச்சு உடுங்கறாரு. அவருக்கும் இது ஆகுங்களா?"

"எல்லாக் கழுத்துக்கும் ஆகும்," என்றார் வாத்தியார். உபாத்தியாயர் வாய், கேள்வி கேட்டால் சும்மா இருக்காது.

மறுநாள் ரங்கம்மாளின் புருஷன் பாலகோபால் குடத்தோடு வரிசையில் நின்றார். அதற்கு மறுநாள் எதிர்வீட்டுக் கந்தப்பன். ஒரே வாரத்தில் தெருக்குழாயைச் சுற்றி மீசைகளாக இருந்தன. பெண்கள் வாசலில் நின்று, "மோவாயை உள்ள வாங்குங்க!" என்று குரல் கொடுத்தார்கள்.

அந்த விடியற்காலைகளைப் பற்றி வாத்தியார் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அவை அவருக்குப் பிடித்திருந்தன. முன்னால் ராசாத்தாள் நடப்பாள். வேப்பம்பூ உதிர்ந்த மண்ணில் அவள் கால் தடம் விழும். மேற்கே மலை நீலமாகத் தெளிந்துகொண்டு வரும். குடத்துக்குக் கீழே அதே கழுத்து, துடியலூர் ரோட்டில் வண்டிக்கு ஒதுங்கிய அதே கழுத்து, பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஒரு சொட்டுச் சிந்தாமல் போகும். கல்யாணமான புதிதில் இப்படி இரண்டு பேரும் சேர்ந்து எங்காவது நடந்தது உண்டு. பிறகு எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. குனிந்தே இருந்ததில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் தெரு ஆண்களுக்கு இந்த மாதிரி ஞாபகம் ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் கந்தப்பன் தலைமையில் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்கள்.

"வாத்தியாரே, உங்களுக்குக் கழுத்து வலி. செரி, நீங்க சுமக்கறீங்க. எனக்கு எதுக்குங்க கொடம்? எனக்கு ஒரு வலியும் இல்லீங்க!"

"உங்க சம்சாரத்துக்கிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேனுங்க. வலி வந்த பொறவு சுமக்கறதைவிட, வாரதுக்கு முன்னாலயே சுமந்துபோடுங்கங்கறா. நீங்கதான் அப்படிச் சொன்னீங்களாமா!"

"நான் எப்பச் சொன்னேன்?"

"பத்திரிகையில இருக்குதாமா. தெருப் பொம்பளைங்க ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனா அத்தனை பேருக்கும் அந்தப் பத்திரிகை மனப்பாடமுங்க!"

அதையும் வாத்தியார் தாங்கியிருப்பார். மறுநாள் ஒரு சேதி வந்தது. தலைமையாசிரியருடைய சம்சாரம் அந்தப் பத்திரிகையை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு அனுப்பியிருந்தார்.

வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். தலைமையாசிரியர் தலையில் குடம் ஏறிய மறுநாளே தன் வேலை இறங்கிவிடும். கடைவீதியில் கையெடுத்தும் திரும்பாத பாவம் வேறு பாக்கி நிற்கிறது. பத்திரிகை வாசகசாலைக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று, கொளுத்துகிற வெயிலில் ஓடிப்போய் வாசகசாலையிலேயே சேர்த்தும்விட்டார்.

அங்கேயே நின்று முடிவு செய்தார். இதற்கு ஒரே வழி, வீட்டுக்குள் குழாய். குழாய் வந்துவிட்டால் வாத்தியார் தெருக்குழாய்க்குப் போக மாட்டார். வாத்தியாரே போகாவிட்டால் மற்ற சம்சாரங்கள் யாரைக் காட்டித் தங்கள் புருஷன்மாரை அனுப்புவார்கள்? தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், இரண்டு நீளக் கைகள் எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே ஏலம் விட்டுவிட்டு, நேராக முனிசிபாலிடி ஆபீசுக்கு நடந்தார். ராசாத்தாளுக்குத் தெரியாமல் மனுக் கொடுத்து, குழாயைக் கொண்டுவந்து நிறுத்தி, "உனக்காகத்தான்" என்று சொல்லிவிடலாம். தோற்றதுபோலவும் இருக்காது.

பாலகோபால் ரிஜிஸ்தருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடத்தின் பலன்.

"குழாய்க்கு ஒரு மனுக் கொடுக்கணுமுங்க. ஊட்டுல தெரிய வேண்டாம்."

பாலகோபாலுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபம் தாங்கவில்லை. பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு காகிதத்தை உருவி முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

அவருடைய கையெழுத்துத்தான். சிவப்பு மசி. தேதி, பங்குனி மாதக் கடைசி. விடைத்தாள் கட்டுக்கு நடுவே யாரோ இந்தக் குழாய் மனுவை நுழைத்திருக்கிறார்கள். வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நல்லவேளை, மார்க் போடவில்லை.

"அம்மணி பணமும் அன்னிக்கே கட்டிப்போட்டாங்க. நாளைக்குக் குழி தோண்ட ஆளு வருது. சொல்லலீன்னு கோவிச்சுக்காதீங்க. சொன்னா ஊட்டுல எனக்குச் சோறு கெடையாதுன்னு ரங்கம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டா."

வாத்தியார் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ராசாத்தாள் கூடத்து மூலையில் குழாய் வரப்போகிற இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ ராசாத்தா! பங்குனியிலயே பணம் கட்டிப்போட்டியா?"

"ஆமாங்க."

"நான் பத்திரிகையை வெச்சுக்கிட்டு அத்தனை நேரம் தொண்டை வறளப் பேசினேனே, அப்பவே கட்டியாச்சா?"

"ஆசையாப் பேசிக்கிட்டு இருந்தீங்க. நடுவுல எதுக்குக் கெடுக்கறதுன்னு இருந்துபோட்டேனுங்க."

"அப்பறம் என்னத்துக்கு என்னையத் தண்ணி சுமக்க உட்டே?"

ராசாத்தாள் சீமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"குழாய் வர ஒண்ணரை மாசம் ஆகுமின்னாங்க. அது மட்டுக்கும் ஆருங்க சுமக்கறது?"