இருக்கைக்கு அடியில் ஒரு சாண்

பெட்டி மகான் வருகிறார் என்று தெரிந்தால், படைப் பட்டறையின் வாசலில் காவல் நிற்பவனே துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொள்வான். நாட்டைக் காப்பவன் அவன். அவனைக் காப்பது பெட்டி. பெட்டிக்கு மகிமை ஊட்டுவது மகான். மகானுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டால் வரிசையைக் காட்டிவிடலாம். கேட்கத்தான் ஆள் இல்லை.

வரிசை பட்டறையின் மதிலைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கே போயிருந்தது. வீரர்களின் அம்மாக்கள், மனைவிகள், அக்கா தங்கைகள். வியாழக்கிழமை காலை பன்னிரண்டு கவச வண்டிகள் எல்லைச் சாலைக்குப் புறப்படுகின்றன. அந்தச் சாலையில் எங்கே கண்ணிவெடி புதைந்திருக்கிறது என்று புதைத்தவனுக்கே இப்போது ஞாபகம் இருக்காது. வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? பயந்தவர்கள் தலையில் மிளகாய் அரைக்க அம்மிகூடத் தேவையில்லை.

மகானுக்கு மகிமை வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஏழாம் எண் வண்டி ஒரு கண்ணிவெடியின் மேல் ஏறியது. முன்சக்கரம் கழன்று பக்கத்து வயலில் போய் விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் காது அடைத்துப்போய், தலையெல்லாம் தூசியோடு, தங்கள் காலாலேயே நடந்து வெளியே வந்தார்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான். அந்த வண்டியின் அடிவயிறு தட்டையாக இருக்காது. படகின் அடிப்பக்கம் மாதிரி நடுவில் கூராக இறங்கி, இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். கீழே வெடித்தால் வெடியின் வேகம் இருபுறமும் சிதறிப் போய்விடும். சக்கரம் பறந்தால் பறக்கட்டும், ஆள் உட்காரும் கூடு உடையக் கூடாது என்பது கணக்கு. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேர் பிழைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஐவரில் ஒருவர் சமையல்காரர். அவர் ஏதோ ஒரு சாமியாரிடம் வாங்கிய தகரப் பெட்டி ஒன்றை, வண்டிக்கு வெளியே மாட்டியிருந்த கருவிக்கூட்டில் போட்டு வைத்திருந்தார். வெடித்த வேகத்தில் கருவிக்கூடு சக்கரத்தோடு போய்விட்டது. சக்கரம் கிடைத்தது, ஸ்பேனர் கிடைத்தது, தகரப் பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. அது சாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றார் சாமியார். அன்று மாலைக்குள் அவர் மகான் ஆகிவிட்டார். செய்தித்தாளில் அரைப்பக்கத்துக்கு அவர் படம் வந்தது. அந்த வண்டியின் இரும்பை வளைத்தவருக்கும் பற்றவைத்தவருக்கும் ஒரு வரி வரவில்லை.

பிறகு மகான் பட்டறைக்கே வந்தார். ஒரு வண்டிக்குள் ஏறி, இருக்கைகளைப் பார்த்தார். அவை தரையில் நிற்கவில்லை. கூரையிலிருந்து வார்களில் தொங்கிக்கொண்டிருந்தன. இருக்கைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. மகான் கண்ணை மூடினார், திறந்தார், இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஞானதிருஷ்டிக்கும் சில நேரம் அளவு நாடா வேண்டியிருக்கிறது.

"காலியா விட்ட இடத்துலதான் சாவு வந்து குந்தும். அடைச்சிடுங்க" என்றார்.

அடுத்த வாரமே அந்த ஒரு சாண் இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பெட்டிகள் வந்து இறங்கின. பொன்னிற வர்ணம், மூடியில் ஈயப் பற்று. திறந்தால் சக்தி போய்விடும் என்பதால் திறக்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான்.

இது ஆபத்து என்று கண்டுகொண்டவர் பட்டறையில் ஒருவர்தான். எல்லோரும் அவரைத் தையலக்கா என்பார்கள். இருக்கைகளின் வார்களைத் தைப்பது அவர் வேலை. பதினோரு வருடமாகத் தைக்கிறார். ஊரில் மற்றவர்கள் கிழியாமல் இருக்கத் தைப்பார்கள், அவர் கிழிவதற்காகத் தைப்பார். வார் இரண்டாக மடிந்திருக்கும், மடிப்பின் மேல் வரிசை வரிசையாகத் தையல் இருக்கும். கீழே வெடித்து வண்டி தூக்கியடிக்கும்போது அந்தத் தையல் ஒவ்வொரு வரிசையாகக் கிழியும். கிழியக் கிழிய இருக்கை மெதுவாக ஒரு சாண் கீழே இறங்கும். முதுகெலும்புக்குப் போக வேண்டிய அடியைத் தையல் வாங்கிக்கொள்ளும். அதற்குத்தான் அந்தக் காலி இடம். அங்கே ஒரு பெட்டியை வைத்து அடைத்தால் இருக்கை இறங்காது, தையல் கிழியாது, தரையின் அடி அப்படியே ஆள் முதுகில் ஏறும்.

அந்தப் பன்னிரண்டு வண்டிகளில் முதல் வண்டியை ஓட்டப் போகிறவர் தையலக்காவின் கணவர். அவர் இருக்கைக்கான பெட்டியை வாங்கி வந்தது மாமியார். வெயிலில் ஆறு மணி நேரம் நின்று, கால் வீங்கி, தன் மகனுக்காக வாங்கி வந்திருந்தார். அந்தக் காலைப் பார்த்தபோது தையலக்காவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

இருந்தாலும் சொன்னார். வாரை எடுத்துக் காட்டி, மடிப்பைக் காட்டி, கத்தரிக்கோலை விட்டு நெம்பி ஒரு வரிசையைக் கிழித்தும் காட்டினார். மாமியார் கிழிந்த நூலைப் பார்த்தார்.

"என் பிள்ளை உசிரை இந்த நூலை நம்பியா தொங்கவிட்டிருக்கே? கட்டினவளுக்கே அக்கறை இல்லை, வேற யாரைச் சொல்ல" என்றார்.

கணவர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். "இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு பெட்டி என்ன பண்ணிடப் போகுது" என்றார். அது என்ன பண்ணும் என்று கால் மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனைவி, கிழிந்த வாரை மடித்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அதிகாரியிடம் போனார். அதிகாரியின் அறைக்கு முன்னால் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருக்கும். அவர் தினமும் தன் கையால் தண்ணீர் ஊற்றுவார். வண்டிகளைவிட அவற்றின் மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்று பட்டறையில் பேச்சு உண்டு. தையலக்கா சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பெட்டியால் வீரர்களுக்கு மன தைரியம் வருகிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்றார். மனசுக்குத் தைரியம் தரும் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாமே, முதுகெலும்புக்கு அடியில் ஏன் வைக்க வேண்டும் என்று தையலக்கா கேட்டார். அதிகாரி பூந்தொட்டிகளைப் பார்த்தார். அது அவர் பேச்சை முடித்துக்கொள்ளும் வழக்கம்.

புதன்கிழமை மதியம் பட்டறை முற்றத்தில் விழா. பன்னிரண்டு வண்டிகளும் அணிவகுத்து நின்றன. மகான் மேடையில் இருந்தார். காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் கடைசி ஆசிக்காக அவர் காலடியில் இருந்தன. குடும்பங்கள் வெயிலில் இருந்தன. மகான் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் கொடுக்க ஆரம்பித்ததும், தையலக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். குரலைப் பணிவாக வைத்துக்கொண்டார். இத்தனை பேர் கூடியிருக்கும்போது பெட்டியின் மகிமையை எல்லோரும் கண்ணால் பார்த்தால் நன்றாக இருக்கும், பட்டறையில் இருக்கையைச் சோதிக்கிற இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, சாமி அனுமதித்தால் அதில் காட்டலாம் என்றார். கூட்டம் கை தட்டியது. அதிகாரி தலையாட்டினார். மகானும் புன்னகையோடு தலையாட்டினார். ஆயிரம் பேர் முன்னால் வேறென்ன செய்ய முடியும்?

கிரேன்காரர் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியின் கூடு மாதிரியே அதற்கு ஒரு கூரை, ஒரு தரை. கூரையிலிருந்து இருக்கை தொங்கியது. தையலக்கா நேராக அதிகாரியின் அறை வாசலுக்குப் போய், ஒரே அளவில் இரண்டு பூந்தொட்டிகளைத் தூக்கி வந்தார். அதிகாரி எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

முதல் தொட்டியை இருக்கையில் வைத்து வாரால் கட்டினார்கள். இருக்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. சட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி, பிடியை விட்டார்கள். தடாலென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. வார் சரசரவென்று கிழிந்தது, இருக்கை ஒரு சாண் இறங்கி நின்றது. தொட்டியில் கீறல் இல்லை. செடியில் ஒரு பூ உதிர்ந்தது, அவ்வளவுதான்.

புதிய வார் மாட்டினார்கள். இரண்டாவது தொட்டியை ஏற்றினார்கள். அடியில் மகான் தன் கையாலேயே தொட்டுக் கொடுத்த பெட்டியை வைத்தார்கள். அதே உயரம், அதே கிரேன். சட்டம் விழுந்தது. தையலில் ஒரு நூல்கூடக் கிழியவில்லை. தொட்டி நாலு துண்டாகிக் கிடந்தது.

வெயிலில் இருந்தவர்கள் தொட்டியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மகான் மட்டும் கலங்கவில்லை. தொழிலில் ஊறியவர்.

"தொட்டிக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை உள்ள மனுஷனுக்குத்தான் பெட்டி வேலை செய்யும்" என்றார்.

கூட்டத்துக்கு உயிர் வந்தது. அதானே, தொட்டிக்கு ஏது நம்பிக்கை? அறிவைத் தொலைத்துவிட்டுத் தவித்தவர்களுக்கு அதைத் தேடும் சிரமம் நீங்கியது.

"சரிங்க சாமி," என்றார் தையலக்கா. "உங்களைவிட நம்பிக்கை உள்ளவங்க இங்க யாரு? நீங்களே உட்காருங்க."

மகான் அன்று தனக்கு மௌன விரதம் என்று கொஞ்சம் விரிவாகவே விளக்கினார். அதற்குள் மாமியார் மேடைக்கு வந்துவிட்டார். "உட்காருங்க சாமி. என் மருமக வாயை அடைங்க" என்று கை கூப்பினார். பக்தர்களே மகானைத் தூக்கிக்கொண்டு போய் இருக்கையில் உட்கார வைத்தார்கள். தையலக்கா புதிய வாரை மாட்டி, தோளிலும் இடுப்பிலும் பட்டைகளை இழுத்துப் பூட்டினார். ஆள் சாகக் கூடாது என்று முழங்கால் உயரம் போதும் என்று கிரேன்காரரிடம் மெதுவாகச் சொல்லி வைத்தார். மகானுக்கு அது தெரியாது.

சட்டம் தரையை விட்டு எழும்பியது. மகான் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தார். அங்கே அவருடைய பெட்டி பளபளவென்று இருந்தது. உடைந்த தொட்டியையும் பார்த்தார். விட்டுவிடவா என்று கிரேன்காரர் மேலிருந்து கேட்டார்.

மகானின் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற தையலக்காவின் கணவர், சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னீங்க சாமி என்றார்.

"அந்தப் பெட்டியை எடுத்துட்டு இறக்கச் சொல்லுப்பா" என்றார் மகான்.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

மாமியார்தான் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போனார். குனிந்து பெட்டியை உருவினார். தலைக்கு மேல் தூக்கிச் சிமெண்டுத் தரையில் ஒரே போடாகப் போட்டார். ஈயப் பற்று தெறித்தது. உள்ளே இரண்டு செங்கல். அவை ஆடாமல் இருக்க இடுக்கில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மகானின் படம் போட்ட அதே அரைப்பக்கம்.

மகானைப் பூப்போல இறக்கினார்கள். இறங்கியதும் அவர் ஓடப் பார்த்தார், ஆனால் இடுப்புப் பூட்டை எப்படி அவிழ்ப்பது என்று தெரியவில்லை. கவச வண்டிகளுக்கே கவசம் தந்தவருக்கு அதன் பூட்டு திறக்கத் தெரியவில்லை. போலீஸ்காரர் வரும்வரை இருக்கையிலேயே பத்திரமாக இருந்தார். அதிகாரி பெட்டிகளுக்குத் தடை விதித்து உடனே சுற்றறிக்கை எழுதினார், தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் உண்டு என்று அதில் ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் தையலக்கா தன் தையல் அறைக்கு வந்தார். வாசலில் வரிசை நின்றது. அதே முகங்கள், கூடவே வண்டியில் போகிற வீரர்களும். தங்கள் இருக்கையை ஒரு முறை அவர் கையால் தொட்டுவிட வேண்டுமாம். வரிசையின் முன்னால் மாமியார் நின்று ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "என் மருமகளுக்குக் கைராசி. தள்ளாம நில்லுங்க" என்றார். தையலக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மேசையில் கிடந்த பழைய வாரை எடுத்துச் சாண் சாணாக வெட்டினார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இதை இருக்கைக்கு அடியில் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், தடையில்லாமல் நின்றால் வண்டியை எடுங்கள், நிற்காவிட்டால் எடுக்காதீர்கள், அவ்வளவுதான் என்றார். முதலில் வாங்கியவர் அவர் கணவர். வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"அளந்தீங்களா?" என்றார் தையலக்கா.

"நீ தைச்சது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அந்த ஆள் சொன்னப்பவும் இப்படித்தான் பார்க்காமலே தலையாட்டினீங்க."

கணவர் முணுமுணுத்துக்கொண்டே போய் முதல் வண்டிக்குள் ஏறினார். குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் ஒரு கம்பளி மூட்டை கெட்டியாகத் திணிக்கப்பட்டிருந்தது. எல்லைச் சாலையில் குளிரும் என்று அம்மா விடியற்காலையில் பாசமாக வைத்தது. இழுத்து வெளியே போட்டபோது அவர் முகத்தில் இரத்தம் இல்லை. மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார்.

தையலக்கா மூட்டையை எடுத்து மாமியார் கையில் கொடுத்தார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பினார்.

"என் கையிலயும் ஒண்ணும் இல்லை, அந்த ஆள் பெட்டியிலயும் ஒண்ணும் இல்லை. போய் அளங்க. கும்பிடறதுக்கு அத்தனை தடவை குனியற முதுகுதானே, அதைக் காப்பாத்திக்க ஒரு தடவை குனிஞ்சு பார்த்தா உடைஞ்சா போயிடும்?"