மாசிக் கொட்டிலுக்குள் ஓட்டம்

நல்ல காற்று உடம்புக்கு ஆகாது என்று நம்பிய மனிதர், இந்தக் கற்பிட்டிக் கரை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் மாசி நானா.

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கொட்டில். அவித்த மீனைத் தட்டியில் பரப்பி, கீழே விறகு மூட்டிப் புகை போட்டு, மாசியாக்கிக் காயவைப்பார். "பிரஷர் கூடிட்டு, தினமும் வேகமா நடக்கோணும்" என்று டாக்டர் சொன்ன நாளில் தொடங்கியது கூத்து. நெருப்பை விட்டு அசைந்தால் பூனை மீனைத் தின்றுவிடும். ஆகவே நானா நெருப்பையே சுற்றி நடந்தார். நடை ஓட்டமானது. பிறகு வலைக்கயிற்றை எடுத்து ஸ்கிப்பிங்கும் அடித்தார்.

"நானா, புகைக்குள்ள என்ன விளையாட்டு இது?"

"தம்பி, புகை போடாத மீன் எத்தின நாளைக்கு நிக்கும்?"

"மறுநாளே நாறிடும்."

"புகை போட்ட மாசி?"

"மாசக்கணக்கா கிடக்கும்."

"அப்ப என்ட நெஞ்சும் கிடக்கும். போய் வேலையப் பாரு!"

ஒருநாள் கொட்டில் குலுங்கிக் குலுங்கிப் புகை கக்குவதைக் கண்டு, நுரைச்சோலைக்கு வேலைக்குப் போன ஒருவர் மோட்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வாளித் தண்ணீரை உள்ளே வீசினார். கரி பூசிய முகத்தோடு சொட்டச் சொட்ட வெளியே வந்தார் நானா. "ரெண்டு சுத்துத்தான் மிச்சம் இருந்திச்சு, கெடுத்திட்டீங்களே!" அந்த மனிதர் மோட்டர் சைக்கிளையும் மறந்து ஓடினார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லையே! கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். சும்மா இருக்கிறவரைவிட ஓடுகிறவர் பல மடங்கு காற்றை, அதுவும் வாயால், இழுப்பாராம். மூக்கு வடிகட்டாத புகைத்தூள் நுரையீரலின் அடிவரை போகுமாம். புகையிலுள்ள நச்சு வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இதயம் கூடுதலாகக் கேட்கிற நேரம் பார்த்துக் குறைவாகக் கிடைக்குமாம். கேட்டதும் எனக்கு அங்கேயே படபடத்தது. மிஸ் என் பிரஷரை அளந்து, என்னையும் நடக்கச் சொல்லி அனுப்பினார்.

நானாவிடம் சொன்னேன். சிரித்தார், இருமினார், ஓடினார்.

பிறகொரு காலை, திம் திம் என்ற சத்தம் சட்டென்று நின்றது. வேலியைப் பாய்ந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் வேலியிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, உள்ளே கால்சட்டை இருந்தது. நானா நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் கிடந்தார். அக்குளில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்தேன். இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே சொன்னார்: "புகை... கொஞ்சம்... பத்தல்ல தம்பி."

ஓடிவந்த அவர் மனைவி அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "மாசி கெடாதுதான். அது மவுத்தாப் போன மீன், அதுக்கு மூச்சு விடுற வேலை இல்ல. நீங்க எனக்கு ஹயாத்தோட, உசிரோட வேணும்!"

நானா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். மெல்ல எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலில் ஏறினார்.

இப்போது பூனைக்குக் காவல் நான். நானா நடப்பது கடற்கரையில். விடிகாலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "தம்பி, காத்து எந்தப் பக்கம்?" கொட்டில் புகை சாய்வதைப் பார்த்துச் சொல்வேன். அவர் மற்றப் பக்கம் போவார்.

அந்தக் குரல் கொஞ்சம் பிந்தினாலும், ஓடாமலே எனக்கு மூச்சு வாங்கும்.