சலவைக்கடையில் என் ஓட்டப்பயிற்சி

இந்தக் கதையைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். சிரிக்கலாம் என்று வந்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

முதல் கோபம் டாக்டர் மேல். என் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காலையில கொஞ்சம் ஓடுங்க சார், இதயத்துக்கு நல்லது" என்றார். அவர் சொன்னது எனக்கு. காதில் வாங்கிக்கொண்டது என் மனைவி. அங்கேதான் பிடித்தது சனி.

அந்த மனுஷர் இதை வெயில் காலத்தில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? மூக்கை வெளியே நீட்டினால் அது இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். கீழ்வீட்டு நாய்கூட வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, தன் அவசர வேலையை ஒத்திப்போடுகிற குளிர். அதில் ஓடுவதாம்! துரத்த ஆளில்லை, பிடிக்க பஸ் இல்லை, சும்மா ஓடுவதாம்!

"நான் ஓட மாட்டேன்" என்றேன்.

"ஓடுவீங்க."

"குளிருது."

"ஓடினா குளிராது."

"ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குளிருமே?"

"அதுக்குத்தான் தொப்பி, கையுறை, மப்ளர் எல்லாம் வாங்கி வச்சிருக்கேன்."

"ஆக, எனக்குத் தெரியாம முடிவே பண்ணிட்டே!"

"தெரிஞ்சா பண்ண விடுவீங்களா?"

நான் இன்னும் பலமாகக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க படியேறி வர்றப்ப மூச்சு வாங்கற சத்தம் உள்ள வரைக்கும் கேக்குது. எனக்குப் பயமா இருக்குங்க."

கோபமாக இருப்பவனிடம் இப்படிப் பேசுவது அநியாயம். ஷூவை மாட்டிக்கொண்டேன்.

ஓடினேன் என்றா நினைக்கிறீர்கள்? தெருமுனை வரைகூடப் போகவில்லை. வாசலில் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணில் நீர் கொட்டியது, காது இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. வந்த வேகத்தில் திரும்பினேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சலவைக்கடை. விடிவதற்கு முன்பே திறந்துவிடுவார்கள். உள்ளே துணி உலர்த்தும் மெஷின்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்க, அடடா, என்ன ஒரு கதகதப்பு! கடைக்குப் பின்பக்கமாகவே எங்கள் மாடிக்குப் படி இருக்கிறது. வெளியே தலைகாட்டவே வேண்டாம்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அரைத்தூக்கம் போட்டேன். கிளம்பும்போது குழாயைத் திறந்து நெற்றியில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு, படியில் வேண்டுமென்றே தடதடவென்று ஏறினேன்.

மனைவி கதவைத் திறந்து என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"எது வரைக்கும் ஓடினீங்க?"

"பூங்கா வரைக்கும்!"

"பரவாயில்லையே" என்றாள். சூடாகக் காபியும் கொடுத்தாள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது கோபம் சலவைக்கடைக்காரர் மேல். முதல் நாள் மரியாதையாக முக்காலி கொடுத்தவர், மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

"சார், சும்மாதானே இருக்கீங்க. இந்தப் போர்வையில ஒரு முனையைப் பிடிங்க."

"நான் கண்ணாடிக்கடை முதலாளி ஐயா! ஊர்ல பாதிப் பேர் மூக்குல இருக்கற கண்ணாடி என் கடையில வாங்கினது!"

"அதான் சார், நீங்க பிடிச்சா ஓரம் நேரா வருது."

பிடித்தேன். அடுத்த நாள் மடித்தேன். அதற்கடுத்த நாள் என் கையில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது.

"எதிர்க் கட்டிடம் சார். நாலாவது மாடி, நீலக் கதவு. லிஃப்ட் ரிப்பேர். அவங்க வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள போயிடணும், கொஞ்சம் ஓடிப் போங்க."

"யோவ், நான் என்ன உங்க கடை ஆளா?"

"கோபப்படாதீங்க சார். முடியாட்டி விடுங்க. அம்மாகிட்ட சொல்லி வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டு அம்மாதான்."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அதன்பிறகு தினமும் இதே கூத்து. ஒரு நாள் மேசைவிரிப்பு, ஒரு நாள் திரைச்சீலை, ஒரு நாள் யாரோ ஒரு குண்டு மனிதருடைய கம்பளிக்கோட்டு. அந்தக் கோட்டுக்கு உள்ளே ஆளே இருந்திருக்க வேண்டும், அப்படி ஒரு கனம். குளிர் முகத்தில் அறைய, வாயிலிருந்து புகை பறக்க, அந்தச் சலவைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஓடுவேன். திட்டத் திட்ட வேகம் கூடியது. கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு ஓடுவேன், கடைக்குப் போனால் இன்னொரு மூட்டை தருவார் என்கிற பயத்தில்.

"இன்னிக்கு எது வரைக்கும்?" என்பாள் மனைவி.

"பூங்கா வரைக்கும்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

ஒரு நாள் மறுபடி அதே நாலாவது மாடி, அதே நீலக் கதவு. மூட்டையோடு ஓடி, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, மணியை அடித்தேன். திறந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் சோபாவில் கால்மேல் கால் போட்டு, கையில் காபியோடு உட்கார்ந்திருந்தது யார்? சாட்சாத் என் மனைவி.

"மூட்டையை அங்க வைங்க" என்றாள் அமைதியாக. அப்புறம் பழைய சிநேகிதியிடம் பேசுவது போல டாக்டரம்மாவிடம் திரும்பி, "பாத்தியா? நாலு மாடி ஏறியிருக்கார். மூச்சுச் சத்தமே கேக்கல!" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"எப்படி?"

"வெளியில குளிர்ல இருந்துட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா மூக்குக்கண்ணாடியில ஆவி படிஞ்சு வெள்ளையாப் பூத்துப்போகும். அன்னிக்கு உங்க கண்ணாடி பளிச்சுனு இருந்துது. இதைக் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் தினமும் சொல்றது நீங்கதானே?"

எனக்குக் காது சிவந்தது. கண்ணாடி விற்பவன் கண்ணாடியாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கீழ போய் விசாரிச்சேன். முக்காலியில தூங்கறார்னு கடைக்கார அண்ணன் சொன்னார். 'தூங்க விடாதீங்கண்ணே, ஏதாவது வேலை குடுங்க'ன்னேன். மூட்டை தூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கண்ணாடி தினமும் பூக்குது. அப்புறம்தான் எனக்கு நிம்மதி."

"நிம்மதியா? கட்டின புருஷனை மூட்டை தூக்க வச்சுட்டு நிம்மதியா? எனக்கு வர்ற கோபத்துக்கு..."

"என்ன பண்ணுவீங்க?"

"இனிமே அந்தக் கடை வாசப்படியை மிதிக்க மாட்டேன்!"

"சரி."

"ஒரு கைக்குட்டைகூடத் தூக்க மாட்டேன்!"

"சரி."

"நாளைலேர்ந்து நான் நிஜமாவே பூங்கா வரைக்கும் ஓடப்போறேன்!"

"ஐயோ, வேண்டாங்க. ரொம்பக் குளிரும். உங்களால முடியாது."

"முடியாதா? யாரைப் பாத்துச் சொல்றே? ஓடுவேன்! நீ தடுத்தாலும் ஓடுவேன்! நீ அழுதாலும் ஓடுவேன்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயடைத்துப் போய்விட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு சண்டையில் நான் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை.

மறுநாள் இருட்டோடு எழுந்து, தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வாசற்கதவை அகலத் திறந்தேன். குளிர் பாய்ந்து உள்ளே வந்தது. அவளும் கேட்கட்டும், அக்கம்பக்கமும் கேட்கட்டும் என்று, "போறேன்! ஓடத்தான் போறேன்! முடிஞ்சா தடுத்துப் பார்!" என்று முழங்கினேன்.

படுக்கையிலிருந்து தூக்கக் குரல் வந்தது.

"தடுக்கலைங்க. கதவைச் சாத்திட்டு ஓடுங்க, குளிருது."