பெல்ட் போட்டும் கத்துகிற கார்

நாவுல,
12.10.2008

அன்புள்ள மாப்பிள்ளை நடராஜா அவர்களுக்கு,

இங்கு நானும், உங்கள் மாமி சுந்தரம்மாவும், நிறைமாதமாக இருக்கும் உங்கள் மனைவி கமலாட்சியும் சுகம். கத்தாரில் உங்கள் சுகத்துக்கும், சம்பளம் தருகிறபடியால் கம்பனியின் சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறோம். பிள்ளைப்பேற்றுக்குக் கமலாட்சியை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று நீங்கள் வாங்கிக் கொடுத்த ஜப்பான் காரைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் பிரதம எழுதுவினைஞராக இருந்த நான், மேலதிகாரி கேட்காமல் பொய் அறிக்கை எழுதியதில்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயமல்ல இது. வயர் என்றாலே குண்டு என்று கேட்கும் யுத்த காலத்தில் அந்தச் சொல்லைப் போனில் சொல்லவும் முடியாது.

கார் கத்துகிறது. சாரதி சீட் பெல்ட் போடாவிட்டால் ‘பீ பீ’ என்று கத்தும்படி ஜப்பான்காரன் செய்திருக்கிறான். இந்த வீதியில் பெல்ட் போட்டு ஓட்டியவரை நான் கண்டதில்லை. இருந்தும் காரின் மனம் கோணக்கூடாது என்று போட்டேன். முதல் மாதம் அடங்கியிருந்தது. பிறகு போட்டாலும் கத்தியது, கழற்றினாலும் கத்தியது. மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குப் பூசை செய்தாள். சனிக்கிழமை தவறாமல் சத்தம் கூடியது. கராஜ் வைத்திருக்கும் ஜமால்தீனிடம் கொண்டுபோனேன். “சென்சர்ட வேல ஐயா. பெல்ட்டு நாக்கு உள்ளுக்குப் போனது அதுக்கு வெளங்கல்ல. இறுக்கிக் குத்தி மாட்டிப் பாருங்க” என்றான்.

போன புதன்கிழமை, ஆஸ்பத்திரிப் பயணத்தை ஒத்திகை பார்க்கலாம் என்று கமலாட்சியின் இடத்தில் மாமியைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை இறுக்கிக் குத்தி மாட்டிப் புறப்பட்டேன். மாத்தளைக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியில் நிறுத்தினால், கார் நின்றது, சத்தம் நிற்கவில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் ஐந்து துவக்குகள் எழும்பின. எனக்குப் பின்னால் நின்ற தம்புள்ளை மரக்கறி லொறிகள் யாரும் சொல்லாமலே வரிசையாகக் கால் மைல் பின்வாங்கின. அந்த வீதியில் அத்தனை ஒழுங்கை நான் அதற்குமுன் கண்டதில்லை. கையைத் தூக்கு, இறங்கு என்று சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். கையைத் தூக்கினால் பெல்ட்டைக் கழற்ற முடியாது, கழற்றாமல் இறங்க முடியாது. இரண்டு உத்தரவும் ஒரே வாயிலிருந்து வந்ததால் எதற்கு முன்னுரிமை என்றும் தெரியவில்லை. ஒரு கையைத் தூக்கி மறு கையால் பெல்ட் பூட்டின் பொத்தானை அழுத்தினேன். பக்கிள் விடவில்லை. பெல்ட்தான் கத்துகிறது என்று விளக்கினேன். “பெல்ட்டா? அதை எதற்குப் போட்டாய்?” என்றான். பின் சீட்டிலிருந்து மாமி, “நான் அப்பவே நெனச்சேங்க, இன்னுங் கொஞ்சம் பூசியிருக்கணும்னு” என்றாள். கடைசியில் கத்தியால் பெல்ட்டை அறுத்து என்னை இறக்கி, ஒரு மணித்தியாலம் விசாரித்து அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் கராஜில் ஜமால்தீன் பக்கிளைக் கழற்றித் திறந்தான். உள்ளே காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம். பதினொரு வெள்ளிக்கிழமைகள் அடுக்கடுக்காக இருந்தன.

“மாமி, இதுக்குள்ள ஏன் இத வெச்சீங்க?” என்று கேட்டான்.

“செவப்பா ஒரு பொத்தான். பொட்டுக்குன்னே எடம் விட்டு வச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. வெறுமனே விடலாங்களா?”

“கத்தின பொறகுமா?”

“கத்துனதாலதான் கூடக் கொஞ்சம் வச்சேன்.”

புதுப் பக்கிள் கிடைக்கும்வரை என்று ஜமால்தீன் சீட்டுக்கடியில் இரண்டு வயரை முறுக்கிச் சேர்த்துவிட்டான். “இனிமே நீங்க எந்த நேரமும் பெல்ட் போட்டிருக்கீங்கன்டு காரு நெனச்சுக்கும் ஐயா.” போடாவிட்டால் என்றேன். “அதுக்குத் தெரிய வராது.” இதே ஏற்பாட்டில்தான் நான் முப்பத்தொரு வருடம் உத்தியோகம் பார்த்தேன் என்பதால் திருப்தியாக இருந்தது.

ஆகவே கார் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பயணத்துக்குப் பயமில்லை. நீங்கள் லீவு கேட்டுக் கம்பனியின் மனதை நோகடிக்க வேண்டாம். எல்லா நலமும் பெற்று, வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்க ஆசீர்வதிக்கும்,

அன்பு மாமா
இராமசாமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் கமலாட்சிக்கு வலி கண்டது. கார் சத்தமே இல்லாமல் சாவடிக்குப் போனது. அதே சிப்பாய் இலக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், “சத்தம் எங்கே?” என்றான். நிறுத்திவிட்டோம் என்றேன். எப்படி என்றான். உண்மையைச் சொன்னேன்: சீட்டுக்கடியில் இரண்டு வயரைச் சேர்த்திருக்கிறோம். சொல்லி முடிக்குமுன் லொறிகள் பின்வாங்கத் தொடங்கின. “அப்பா, வயரப் பத்திப் பேசாதீங்கப்பா” என்ற கமலாட்சி, அடுத்த வலிக்குப் போட்ட அலறலில் வீதித் தடுப்பு தானாகவே மேலே போனது. பெண் குழந்தை, ஆறரை இறாத்தல், இருவரும் நலம். மறுநாளே ஜமால்தீனைக் கொண்டு வயரைப் பிரித்துவிட்டேன். குழந்தையோடு வீடு திரும்பும்போது கார் கத்திக்கொண்டே வந்தது. தூரத்தில் கேட்டதுமே நம் கார்தான் என்று அறிந்து தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். எனவே மேலே ‘கார் சரியாகிவிட்டது’ என்று இருக்கும் இடத்தில் ‘கத்துகிறது, ஆகவே பயமில்லை’ என்றும், ‘லீவு கேட்க வேண்டாம்’ என்ற இடத்தில் ‘உடனே கேட்கவும்’ என்றும் திருத்தி வாசிக்கவும்.